பேனலுக்குப் போர்த்திய குடைத்துணி

இந்த உலகத்தில் வெளிச்சத்தால் தீராத பிரச்சினை என்று ஒன்று கிடையாது. இருட்டு என்பது சோம்பேறிகள் கூட்டம் போட்டுக் கண்டுபிடித்த ஏற்பாடு. இன்னும் கொஞ்ச காலத்தில் மனிதன் அதைச் சட்டம் போட்டே ஒழித்துவிடுவான்.

இந்த அறிக்கை வெளியான இடம் ஒரு குளியலறை வாசல். வெளியிட்டவன் வாயில் பிரஷ் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பொதுமக்கள் ஒரே ஒருவர், அவனுடைய அண்ணன். அண்ணன் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இரவு ஷிப்ட் நர்ஸ். மற்றவர்கள் எழுந்து சோம்பல் முறிக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்து, தலையணையை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்க முயற்சி செய்துகொண்டிருந்தான். முயற்சி மட்டும்தான். இரண்டு பேருக்கும் ஒரே அறை, அறைக்கு ஒரே ஜன்னல், ஜன்னல் கிழக்கே பார்த்தது. அதில் அண்ணன் ஆணியடித்து மாட்டியிருந்த கறுப்புப் போர்வையைத் தம்பி போன வாரம்தான் அறிவியலின் பெயரால் கழற்றி, ஆணியையும் பிடுங்கி, மடித்து அலமாரிக்கு மேலே ஏற்றியிருந்தான். தன் மேசைக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் இல்லாத இடத்தில் தனக்குச் சிந்தனை ஓடாது என்று அதற்கும் ஒரு அறிக்கை இருந்தது.

"வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து உலகத்தைத் திருத்துடா" என்றது தலையணை.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய மனிதர்களை வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம். வீட்டில் அவனுக்குச் 'சின்னவன்' என்று பெயர். ஆய்வகத்தில் பெயர் 'அறிக்கை'. காலையில் உள்ளே நுழைந்ததும் எதைப் பற்றியாவது ஒன்று வெளியிடாவிட்டால் அவனுக்கு அன்றைய நாள் ஓடாது என்பதால் வந்த பெயர். அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஆராய்ச்சியும் வெளிச்சத்தில்தான். மொட்டைமாடிகளில் நீலமாகப் படுத்திருக்கும் சூரியப் பேனலை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது சிலிக்கான், அந்தக் குடும்பத்துக்குப் பெரியப்பா மாதிரி. அதைச் செய்ய உலை வேண்டும், பெரிய ஆலை வேண்டும். ஆனால் ஒருமுறை நிலைத்துவிட்டால் வெயில் மழை எதற்கும் அசையாது. பெரோவ்ஸ்கைட் என்பது அதே குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு மஞ்சள் திரவத்தைச் சுழலும் கண்ணாடித் துண்டின் மேல் சொட்டி, சரியான நொடியில் இன்னொரு திரவத்தையும் சொட்டி, சூடான தட்டில் வைத்தால் போதும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பழுப்பாகும், பழுப்பு கறுக்கும், கறுத்த படிகம் வெயிலைக் குடித்து மின்சாரம் தரும். கடைக்குட்டிக்கே உரிய குணமும் உண்டு. கெட்டிக்காரத்தனம் கூடை கூடையாக இருக்கும், தாங்கும் சக்தி ஒரு சிட்டிகை. ஈரம் ஆகாது, சூடு ஆகாது. வெளிச்சத்தைச் சாப்பிட்டுப் பிழைக்க வேண்டிய இதற்கு வெளிச்சமே கொஞ்சம் அதிகமானாலும் ஆகாது. இதை எப்படி நாள்படத் தாங்க வைப்பது என்பதுதான் அந்த ஆய்வகத்தின் தலைவலி.

அந்தத் தலைவலியை அவனைவிட அதிக காலமாகச் சுமந்துகொண்டிருந்தவள் பக்கத்து மேசை அக்கா. சொந்த அக்கா இல்லை, ஆய்வகத்தில் மூத்தவள். நேரில் எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் 'அடைக்கோழி'. அந்தப் பெயரை வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. பெயர் பொருந்தித்தான் இருந்தது. உள்ளங்கை அளவு பேனல் ஒன்றை விளக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பேனலின் இரண்டு ஓரத்திலும் முதலை வாய் மாதிரிப் பல்லுள்ள சின்ன கிளிப்புகள், அவற்றிலிருந்து போகும் கம்பியின் முனையில் ஒரு குட்டி ஆரஞ்சு விசிறி. உடைந்துபோன பொம்மை ஹெலிகாப்டரிலிருந்து கழற்றியது. மின்சாரம் எவ்வளவு வருகிறது என்பதை மீட்டர் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். இருந்தாலும் அவள் கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் விசிறியைத்தான் பார்ப்பாள்.

சாயங்காலம் ஆனால் விளக்கை அணைப்பாள். பழைய குடை ஒன்றிலிருந்து வெட்டி இரண்டாக மடித்துத் தைத்த கறுப்புத் துணியைப் பேனலுக்குப் போர்த்துவாள். "சரி, படு" என்பாள். பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

அவனுக்கு இது போதாதா? பேனலுக்குத் தொட்டில் எப்போது, காது குத்துவது எப்போது என்று தினமும் ஒன்று கேட்பான். ஒருநாள் ஒரு தாலாட்டையே இயற்றிக்கொண்டு வந்து, விஞ்ஞானக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவன் முகத்தோடு படித்துக் காட்டினான். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, தாலாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் இதைக் கேட்டால் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும் என்றாள்.

உண்மையில் அவள் பேனலைத் தூங்க வைத்ததில் விஷயம் இருந்தது. விளக்கை அணைக்காமல் எரியவிட்டுப் பேனல் எத்தனை காலம் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் அங்கே எல்லோரும் செய்யும் சோதனை. அக்கா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இந்தப் பேனல் கடைசியில் மாடியில்தானே இருக்கப்போகிறது, மாடியில் ராத்திரி வராதா? வெளிச்சத்தில் இருக்க இருக்க, படிகத்துக்குள்ளே இருக்கும் அயனிகள் இடத்தை விட்டு நகர்ந்து, பஸ்ஸில் வாசற்படியோரம் நெரிசல் ஆகிற மாதிரி ஓரத்தில் போய்க் குவிகின்றன. மின்சாரம் குறைகிறது. இருட்டில் வைத்தால் அவை மெதுவாகத் திரும்பித் தங்கள் இடத்துக்கு வருகின்றன. ஆகவே இருட்டையும் சோதனையில் சேர்க்க வேண்டும், சேர்த்தால் இது நாம் நினைப்பதைவிட நீண்ட காலம் உழைக்கும் என்பது அவள் வாதம். சூரியனே இல்லாத நேரத்துக்கும் மதிப்பெண் கேட்கிறார் அக்கா என்று அவன் அதையும் கேலி செய்தான்.

கேலிக்கு அப்பால் அவளுக்கு நிலைமை இறுகிக்கொண்டு வந்தது. படிப்புக் காலம் முடிந்து, ஒருமுறை நீட்டித்தும் ஆகிவிட்டது. அவளுடைய ஆராய்ச்சி தேறுமா என்று பார்க்க மூன்று பேர் குழு வரப்போகிறது. அவர்கள் கண் முன்னால் பேனல் ஓட வேண்டும். செய்தவற்றில் நல்லபடியாக அமைந்தது இது ஒன்றுதான். இன்னொன்று செய்து இத்தனை வாரம் ஓட்டிக்காட்ட நேரம் இல்லை. விசிறி நின்றால், அவள் கழித்த வருடங்களை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு பட்டம் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேராசிரியர் இதை மிக மென்மையாகச் சொன்னார். அவர் மென்மையாகப் பேசினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

குழு வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. வெளியூரில் இருக்கும் தங்கையைத் தேதிக்கு முன்னாலேயே பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டார்கள், துணைக்கு வேறு ஆள் இல்லை. அவள் பையை எடுத்தபடியே அவனைக் கூப்பிட்டாள்.

"காலைல துணியை எடு, விளக்கைப் போடு. சாயங்காலம் விளக்கை அணை, துணியைப் போடு. அவ்வளவுதான். அறிவாளித்தனம் எதுவும் பண்ணாதே."

"அக்கா, நான் எப்பவாவது..."

"அதனாலதான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் அவன் குடைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு பேனலுக்கு முன்னால் நின்றான். விசிறி குஷியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பதை எதற்காகப் படுக்க வைக்க வேண்டும்? அவன் யோசித்துப் பார்த்தான். குழுவில் இருப்பவர்கள் பழைய ஆட்கள். ராத்திரி ராத்திரி ஓய்வு கொடுத்தேன் என்றால் நெற்றியைச் சுருக்குவார்கள். ஓய்வே இல்லாமல் ஒரு வாரம் ஓடியது என்று காட்டினால்? அக்கா ஊரிலிருந்து வரும்போது அவளுக்கே தெரியாமல் அவள் பேனல் எல்லோருடைய சோதனையிலும் தேறியிருக்கும். அவள் கண்கலங்கி நன்றி சொல்வாள், தான் 'பரவாயில்லை அக்கா' என்று சொல்ல வேண்டும் என்பதுவரை அவன் யோசித்துவிட்டான்.

நல்லெண்ணம்தான். ஆய்வகங்களில் நடக்கும் விபத்துகளில் முக்கால்வாசி அதனால்தான் நடக்கின்றன.

துணியை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தான். விளக்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் நல்லபடி என்று அவளுக்குச் செய்தி அனுப்பினான். அது பொய் இல்லை. அடுத்த நாளும் சுற்றியது. ஆனால் கோடு லேசாகத் தோளைத் தொங்கப் போட்டிருந்தது. அதற்கடுத்த நாள் பார்த்தால், மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்குகிற மாதிரி விசிறி விட்டு விட்டுச் சுற்றியது. அந்த நேரத்திலாவது துணியைத் தேடியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவன் விளக்கைத் தேடினான். வெளிச்சத்தால் தீராத பிரச்சினைதான் கிடையாதே! விளக்கைக் கீழே இறக்கிப் பேனலுக்கு இன்னும் பக்கத்தில் வைத்தான். விசிறி ஒருமுறை விறுவிறு என்று சுற்றியது. பார்த்தாயா என்பது போல அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மத்தியானத்துக்குள் அது நின்றுவிட்டது.

கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். கம்பியை மாற்றினான். மீட்டரைத் தட்டினான். யாரும் பார்க்காத நேரத்தில் விசிறியை விரலால் சுண்டிவிட்டான். அது மரியாதைக்கு ஒரு சுற்று சுற்றி நின்றது.

செத்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை என்று தோன்றியது.

இந்த வகைப் பேனலில் ஈயம் இருக்கிறது. ஆகவே செத்ததைக் கண்ட குப்பையில் போடக் கூடாது. மூலையில் இறுக்கமான மூடி போட்ட கறுப்பு டப்பா ஒன்று இருக்கும், 'ஈயக் கழிவு' என்று ஒட்டியிருக்கும், அதில்தான் போட வேண்டும். மேசைமேல் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. வெறுமனே போடவும் மனம் வரவில்லை. இழுப்பறையிலிருந்து குடைத்துணியை எடுத்து அதில் சுற்றி, டப்பாவுக்குள் மெதுவாக வைத்து, மூடியை அழுத்தித் திருகினான். பக்கத்து அறையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பின் மேலேயே கோபம் வந்தது.

அப்போது பார்த்து அவளிடமிருந்து செய்தி வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம், அங்கே இருக்கிற என் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

அவன் நாலைந்து பதில் எழுதி அழித்தான். கடைசியில் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். அது எந்தக் குழந்தையைப் பற்றியது என்று அதில் இல்லை.

மிச்சமிருந்த நேரத்தில் தானே ஒரு பேனல் செய்துவிடுவது என்று இறங்கினான். எத்தனை முறை பார்த்திருக்கிறான்! திரவத்தைச் சொட்டினான், கண்ணாடியைச் சுழற்றினான், இரண்டாவது திரவத்தைச் சொட்டினான். ஒரு கண் இமைப்பு முந்தினால் படலம் புகை படிந்த மாதிரி வெளுத்தது. ஒரு கண் இமைப்பு பிந்தினால் சொறி பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. வெளியே மழை மூட்டம், காற்றெல்லாம் ஈரம். அவள் இதைச் செய்யும்போது கையில் ஒரு அவசரமும் இருக்காது. பேசிக்கொண்டே இருப்பாள், சரியான இடத்தில் பேச்சு ஒரு நொடி நிற்கும், கை சொட்டும், பேச்சு தொடரும். அந்த ஒரு நொடி எங்கே வரும் என்று அவன் ஒருநாளும் கவனித்ததில்லை. அந்த நேரத்தில் அவன் வழக்கமாக அறிக்கை விட்டுக்கொண்டிருப்பான். தட்டில் வைத்ததில் ஒன்றுகூட ஒழுங்காகக் கறுக்கவில்லை. அவன் முகம்தான் கறுத்தது.

மறுநாளும் இதே கதை. அதற்கடுத்த நாள் விடிந்து அண்ணன் வேலை முடிந்து வந்தபோது தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, ஒருத்தர் போயிட்டார்னு அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட எப்படிச் சொல்வீங்க?"

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "யாரைடா கொன்னே?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். துணியை மடித்து வைத்தது, விளக்கை இறக்கியது, டப்பா, கட்டைவிரல், எதையும் விடவில்லை. அண்ணனுக்குக் கண் சிவந்து சொருகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் உட்கார்ந்து கேட்டான். உலகத்தைத் திருத்தும் ஆசாமிக்கு இந்த நிலைமையா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்ல உரிமையும் இருந்தது. சொல்லவில்லை.

"அவங்க வந்ததும் நீயே சொல்லிடு. பையைக் கீழே வைக்கறதுக்கு முன்னாடி சொல்லு. சுத்தி வளைச்சுப் பேசாதே, வேற யார் மூலமாவும் தெரியவும் விடாதே. எங்க வார்டுல அதுதான் வழக்கம்."

சொல்லிவிட்டுப் படுத்தான். ஜன்னலிலிருந்து வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். வெயில் சுவரிலும் இருந்தது. தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

அன்று காலையே அக்கா வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஆய்வகம். தலை கலைந்திருந்தது. தோளில் பை, கையில் குழந்தைத் துணி வாசனை, முகத்தில் பல நாளாகத் தூங்காதவளின் சந்தோஷம். அவன் எழுந்து வாசலிலேயே அவளை மறித்தான்.

"அக்கா, பேனல் போயிடுச்சு. நான் துணியே போடல. விளக்கை அணைக்கவே இல்ல."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். வெறுமையாக இருந்த மேசையைப் பார்த்தாள். ஆரஞ்சு விசிறி கம்பியோடு ஒரு ஓரமாகக் கிடந்தது. அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்தான். அவள் திட்டவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டாள்.

"டப்பாவுல."

"ஈயக் கழிவுலயா?"

"ஆமா."

"மூடி போட்டா?"

இது என்ன கேள்வி என்று அவனுக்குப் புரியவில்லை. செத்த இடத்தில்கூட ஒழுங்காக நடந்துகொண்டாயா என்று கேட்கிறாள் என்று நினைத்து, மூடி போட்டுத்தான், நன்றாக இறுக்கித்தான், குடைத்துணியில் சுற்றித்தான் வைத்தேன் என்று விதிமுறைப்படி எல்லாவற்றையும் ஒப்பித்தான். என்றைக்கு வைத்தாய் என்றாள். முந்தாநாள் மத்தியானம் என்றான்.

அவள் எழுந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு மூலைக்குப் போய் மூடியைத் திருகித் திறந்தாள். துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து மேசைமேல் பிரித்தாள். பேனல் முன்பு போலவே கறுப்பாக இருந்தது. அடியோடு கெட்டுப்போனால் வரும் மஞ்சள் திட்டு எதுவும் இல்லை. கிளிப்பை மாட்டினாள். விளக்கை அவன் இறக்கி வைத்த இடத்திலிருந்து பழைய உயரத்துக்கு ஏற்றி, போட்டாள்.

விசிறி அசையவில்லை.

இரண்டு பேரும் மேசைமேல் குனிந்தார்கள். பிறகு அந்த ஆரஞ்சு இறக்கை ஒன்று, எழுந்திருக்க மனமில்லாத பிள்ளை காலை நீட்டுகிற மாதிரி, லேசாக நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. பாதி சுற்று வந்தது. அப்புறம் முழுச் சுற்று. அப்புறம் இறக்கைகளே தெரியவில்லை, ஒரு ஆரஞ்சு வட்டம்தான் தெரிந்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையுறை போட்ட கையால் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "உயிரோட இருந்தவரைக்கும் தூங்க விடல. செத்துப்போச்சுன்னு நினைச்சதும், நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கே பாரு."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. மீட்டரைப் பார்த்ததும் இரண்டு பேர் சிரிப்பும் நின்றது. முழுதாகத் திரும்பவில்லை. முன்பிருந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழேயே கோடு நின்றுவிட்டது. போனது போனதுதான் என்று அவள் சொன்னாள். குரலில் குறை இல்லை. இருந்தாலும் அந்தக் கொஞ்சம் தன் கணக்கில்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. கோட்டில் ஒரு பள்ளம், அதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம், அதற்கப்புறம் ஏறி வரும் மேடு. இதைக் குழு கேட்காமல் விடாது. அழித்துவிடலாமா என்று அவன் மெதுவாகக் கேட்டான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை அவன் திரும்ப எடுத்துக்கொண்டான்.

குழு வந்த அன்று மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். தலைவராக வந்த அம்மாளுக்குக் கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. அவர் விசிறியைப் பார்த்தார், குடைத்துணியைப் பார்த்தார், பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தார். விரல் நேராகப் பள்ளத்துக்குப் போனது. அங்கிருந்து வெற்றிடத்துக்கு நகர்ந்தது. இந்த இடத்தில் பேனல் எங்கே இருந்தது என்று கேட்டார். பேராசிரியர் மின்விசிறியின் அழகை ரசிப்பவர் போலக் கூரையைப் பார்த்தார்.

"அதை இவன் சொல்வான்" என்றாள் அக்கா.

வாழ்க்கையில் முதல்முறையாக அறிக்கைக்கு அழைப்பு வந்திருக்கிறது.

"கழிவு டப்பாவுல, மேடம்."

"அங்கே எதுக்கு?"

"செத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

ஓய்வு கொடுக்காமல் ஓட்டியது யார், யாருடைய யோசனை, எதற்காக என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. நான், என்னுடையது, ஓய்வு தேவையில்லை என்று நினைத்தேன் என்று பதில் போனது. அவன் வெளியிட்டதிலேயே இவைதான் மிகச் சிறிய அறிக்கைகள். குழுவில் ஒருவர் தலையைத் தூக்காமல் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் குடைத்துணியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரண்டு மடிப்பா என்று விசாரித்தார். அதற்குப் பிறகு அக்கா பேசினாள். ஒரே பேனல்தான், ராத்திரி தோறும் இருட்டில் இருந்தவரை இந்தக் கோடு, இருட்டைப் பறித்ததும் இந்தப் பள்ளம், டப்பாவில் படுத்திருந்து வந்ததும் இந்த மேடு. தான் திட்டம் போட்டிருந்தால் இவ்வளவு கொடுமையாக அதை ஓட்ட மனம் வந்திருக்காது என்றாள். திரும்பாமல் போனது எவ்வளவு என்பதையும் அவளே காட்டினாள்.

ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார் தலைவர் அம்மாள். இதையே வேண்டுமென்றே, இன்னும் பல பேனல்களில் செய்து பார்க்க வேண்டும், செய்து எழுதி முடிக்கும்வரை இவருக்கு இந்த மேசை இருக்கட்டும் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

அக்கா "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் போனபிறகு ஸ்டூலை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம் திரும்பி, வேண்டுமென்றே கொடுமைப்படுத்த எனக்குக் கை வராது, அந்தப் பகுதிக்கு அனுபவமுள்ள ஆள் நீதான் என்றாள். அவன் தலையாட்டினான். சாயங்காலம் அவள் விளக்கை அணைத்துத் துணியைப் போர்த்தியபோது, அவன் உபரி கிளிப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததில் நாலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவன் பல் துலக்கிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றான். அண்ணன் வந்த வேகத்தில் கட்டிலில் விழுந்திருந்தான். ஒரு காலில் செருப்பு அப்படியே இருந்தது. சட்டைப் பையில் ஆஸ்பத்திரிப் பேனா. வெயில் அவனுடைய முழங்காலில் இருந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது. தூக்கத்திலேயே அண்ணனின் கை தலையணையைத் தேடித் துழாவியது. தலையணை கீழே விழுந்து கிடந்தது.

அவன் பிரஷ்ஷைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டான். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி ஏறி, அலமாரி மேலிருந்து கறுப்புப் போர்வையை எடுத்தான். ஆணிகள்தான் இல்லையே. அவனுடைய நேற்றைய சட்டை கொடியில் தொங்கியது. பையில் கை விட்டுக் கிளிப்புகளை எடுத்து, போர்வையின் மேல் ஓரத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கவ்வ வைத்தான், ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அறை மெல்ல இருண்டது. ஒரு ஓரத்தில் மட்டும் சந்து விழுந்து, வெயில் ஒரு கோடாக நேரே அண்ணன் இமையில் போய் நின்றது. அந்த இடத்தில் நாலாவதைக் கடிக்க விட்டான். கோடு போயிற்று. கீழே கிடந்த தலையணையைத் தட்டி அண்ணன் தலைக்குப் பக்கத்தில் வைத்தான். காலில் இருந்த செருப்பைக் கழற்றினான்.

அம்மா எட்டிப் பார்த்து, பட்டப்பகலில் இருட்டுக்குள் நின்றுகொண்டு என்ன பண்ணுகிறாய் என்று கேட்டாள். அவன் அவசரமாக உதட்டில் விரலை வைத்தான். அம்மா கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வாய் நிறைய நுரை இருந்தது. கொப்புளிக்க வேண்டுமென்றால் குழாயைத் திறக்க வேண்டும். அந்தக் குழாய் திறந்தால் கத்தும். அவன் இருட்டில் அப்படியே நின்றான்.